விமானம் தானே பறக்கிறதா? ஆட்டோபைலட்டைத் தள்ளிப் பார்க்கும் சோதனைகளும் எம்.எச்.124 தந்த பாடமும்

கரங்கான் - கரங்கானிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் விமானம் ஏறியவர் ஒருவர்கூட இல்லாத வீடு இன்று குறைவு. மகன் சபாவில் வேலை பார்ப்பார். மகள் சரவாக்கில் படிப்பார். திருச்சிக்கோ சென்னைக்கோ குடும்பத்தோடு போய் வந்தவர்களும் உண்டு. வழியனுப்ப விமான நிலையத்தில் நிற்கும்போது, கூட்டத்தில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: "இப்பல்லாம் பைலட் சும்மா உக்காந்துருப்பாராம். கம்ப்யூட்டர்தான் ஓட்டுதாம்." பக்கத்தில் நிற்கும் பாட்டிக்கு வயிற்றைக் கலக்கும்.

அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. பயணிகள் விமானம் ஓடுபாதையை விட்டு எழும்புவது பொதுவாக விமானியின் கையால்தான். எழும்பிய சற்று நேரத்தில் ஆட்டோபைலட் எனும் தானியங்கி ஓட்டியிடம் விமானம் ஒப்படைக்கப்படுகிறது. அதன்பின் நெடும்பயணத்தின் பெரும்பகுதியில் விமானத்தை நேராகவும் மட்டமாகவும் வைத்திருப்பது அந்தக் கணினிதான். விமானிகள் இருவரும் அதைக் கண்காணித்துக்கொண்டே இருப்பார்கள்.

அப்படியானால், அந்தக் கணினியை நம்பலாம் என்று யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? காற்று அடித்தால் அது விமானத்தை நிலையாகப் பிடித்திருக்கும் என்பதை எப்படிச் சோதிக்கிறார்கள்? இந்தக் கேள்வியை மலேசியர்களான நாம் கேட்பதற்குத் தனிக் காரணம் உண்டு. 2005-ஆம் ஆண்டு கோலாலம்பூரை நோக்கிப் புறப்பட்ட நம் நாட்டு விமானம் ஒன்றில், எல்லாச் சோதனைகளையும் தாண்டி வந்த ஒரு கருவி ஆட்டோபைலட்டுக்குப் பொய் சொன்னது. அந்தச் சம்பவத்துக்கு வருமுன், சோதனை எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

ஆட்டோபைலட் என்ன கணக்குப் போடுகிறது?

விமானம் 35,000 அடியில் பறக்க வேண்டும் என்று விமானி குறித்துவிட்டார் என வைத்துக்கொள்வோம். ஆட்டோபைலட் இடைவிடாமல் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டே இருக்கும். குறித்த உயரத்திலிருந்து இப்போது எவ்வளவு விலகியிருக்கிறோம்? எவ்வளவு வேகமாக விலகுகிறோம்? எவ்வளவு நேரமாக விலகியே இருக்கிறோம்? இந்த மூன்றுக்கும் கிடைக்கும் விடைகளைச் சேர்த்துத்தான் வால்பகுதியில் உள்ள தட்டியையும் இறக்கையில் உள்ள தட்டியையும் எவ்வளவு அசைக்க வேண்டும் என்று அது தீர்மானிக்கிறது.

விடை எங்கிருந்து வருகிறது? கணினிக்குக் கண் கிடையாது. உணர்கருவிகள் சொல்வதை மட்டுமே அது நம்பும். காற்றழுத்தத்தை அளந்து உயரத்தையும் வேகத்தையும் சொல்லும் கருவிகள் உண்டு. விமானம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்ல ஜைரோஸ்கோப் உண்டு. எந்தத் திசையில் எவ்வளவு வேகமாகத் தள்ளப்படுகிறது என்று சொல்ல முடுக்கமானி உண்டு. பேருந்து திடீரென்று பிரேக் பிடித்தால் நம் உடம்பு முன்னால் சாய்கிறதே, அந்தத் தள்ளலை அளப்பதுதான் முடுக்கமானியின் வேலை.

இந்த வேலையில் எவ்வளவு துல்லியம் தேவைப்படுகிறது என்பதற்கு ஒரு கணக்கு. 29,000 அடிக்கும் 41,000 அடிக்கும் இடைப்பட்ட வானில், மேலும் கீழுமாகப் பறக்கும் இரண்டு விமானங்களுக்கு நடுவே முன்பு 2,000 அடி இடைவெளி விட்டார்கள். இன்று 1,000 அடிதான். அந்த அடுக்கில் பறக்க அனுமதி வேண்டுமென்றால், கொந்தளிப்பில்லாத காற்றில் ஆட்டோபைலட் விமானத்தைக் குறித்த உயரத்திலிருந்து மேலோ கீழோ 65 அடிக்கு மேல் விலகாமல் பிடித்திருக்க வேண்டும். 65 அடி என்பது ஏறத்தாழ நன்றாக வளர்ந்த ஒரு பால்மரத்தின் உயரம். ஏழு மைல் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கு ஒரு பால்மரத்தின் அளவுதான் தவறலாம்.

காண்டா தூக்கியவருக்குத் தெரியும்

நிலைத்தன்மை என்றால் ஆடாமல் இருப்பது என்றுதான் பலர் நினைப்போம். பொறியாளர்கள் வேறு விதமாகப் பார்க்கிறார்கள். தட்டிவிட்டால் என்ன ஆகிறது என்பதே அவர்கள் கேட்பது.

தோட்டத்தில் பால் எடுத்த நம் பாட்டன் பாட்டிகளிடம் இதைக் கேட்டால் இன்னும் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். தோளில் காண்டா, இரு முனையிலும் வாளி நிறையப் பால். மேட்டிலும் சரிவிலும் ஸ்டோர் வரை நடக்க வேண்டும். கால் சற்று இடறினால் வாளி ஆடத் தொடங்கும். பழகியவர் அந்த ஆட்டத்துக்கு ஏற்ப நடையை மெல்ல மாற்றுவார். இரண்டு மூன்று ஆட்டத்தில் வாளி அடங்கிவிடும். புதிதாகத் தூக்கியவர் பதற்றத்தில் வாளி இந்தப் பக்கம் வந்த பிறகு அந்தப் பக்கம் இழுப்பார். அவர் இழுக்கும் நேரத்தில் வாளி தானே திரும்பிப் போய்க்கொண்டிருக்கும். அவர் கொடுக்கும் இழுப்பு ஆட்டத்தைக் கூட்டிவிடும். அன்றைய பால் தரையில்.

ஆட்டோபைலட்டுக்கும் இதே இரண்டு ஆபத்துகள். மிக மெதுவாகத் திருத்தினால் விமானம் விலகிக்கொண்டே போகும். மிக வேகமாக, மிக அதிகமாகத் திருத்தினால் விமானம் மேலும் கீழும் ஊசலாடும். ஒவ்வோர் ஊசலும் முந்தியதைவிடப் பெரிதாகும். நடுவில் ஓர் அளவு இருக்கிறது. அந்த அளவைக் கண்டுபிடிப்பதும், விமானம் காலியாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் அது மாறாமல் பொருந்துகிறதா என்று பார்ப்பதும்தான் சோதனை.

ஆகவே விமானம் அமைதியாகப் பறப்பதைப் பார்த்து ஆட்டோபைலட்டுக்கு மதிப்பெண் போட முடியாது. அதைத் தட்டிவிட வேண்டும். தட்டிவிட்ட பிறகு எத்தனை ஊசலில் அடங்குகிறது, குறித்த இடத்தைத் தாண்டி எவ்வளவு தூரம் போய்த் திரும்புகிறது, எத்தனை நொடியில் பழைய நிலைக்கு வருகிறது என்று அளக்க வேண்டும்.

1914: இறக்கைமேல் நடந்த மெக்கானிக்

இந்த முறையின் முதல் பெரும் காட்சி 1914-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் தேதி பாரிஸ் அருகே பெசோன்ஸ் என்ற இடத்தில், சேன் ஆற்றின்மேல் நடந்தது. விமானப் பாதுகாப்புக்கான போட்டி அது. அமெரிக்க இளைஞர் லாரன்ஸ் ஸ்பெர்ரிக்கு அப்போது வயது 21. கப்பல்களுக்கு ஜைரோஸ்கோப் செய்து புகழ்பெற்ற எல்மர் ஸ்பெர்ரியின் மகன். தன் கர்டிஸ் விமானத்தில் ஜைரோஸ்கோப்பால் இயங்கும் நிலைநிறுத்தும் கருவியைப் பொருத்தியிருந்தார்.

கரையில் நின்ற நடுவர்களுக்கு முன்னால் விமானம் தாழப் பறந்து வந்தது. ஸ்பெர்ரி இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினார். அடுத்த சுற்றில் அவருடைய மெக்கானிக் எமில் காஷன் இருக்கையை விட்டு எழுந்து இறக்கைமேல் நடந்தார். ஆள் பாரம் ஒரு பக்கம் ஏறியதும் விமானம் சாயத்தான் வேண்டும். கருவி அந்தச் சாய்வை உணர்ந்து தட்டிகளை அசைத்து விமானத்தை மட்டத்துக்குக் கொண்டுவந்தது. ஸ்பெர்ரியின் கைகள் இன்னும் மேலேயேதான் இருந்தன. 50,000 பிராங்க் பரிசு அவருக்கே கிடைத்தது.

அதை வெறும் சாகசம் என்று ஒதுக்கிவிட முடியாது. இறக்கையில் ஏறிய மெக்கானிக்தான் அங்கே சோதனைக் கருவி. அவருடைய பாரம்தான் தட்டிவிட்ட கை. இன்றும் சோதனையின் அடிப்படை அதுவே. ஆளை இறக்கையில் ஏற்றுவதில்லை, அவ்வளவுதான்.

இன்று எப்படிச் சோதிக்கிறார்கள்?

முதல் கட்டம் கணினிக்குள் நடக்கிறது. விமானத்தின் எடை, எரிபொருள் அளவு, பாரம் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, வேகம், உயரம், காற்றின் வீச்சு ஆகியவற்றை மாற்றி மாற்றி ஆயிரக்கணக்கான முறை பாவனைப் பறப்பு நடத்துவார்கள். சரக்கெல்லாம் பின்பக்கம் அடுக்கிய லோரியும் முன்பக்கம் அடுக்கிய லோரியும் ஒரே மாதிரி ஓடாது. விமானமும் அப்படித்தான்.

இரண்டாம் கட்டத்துக்குப் பொறியாளர்கள் வைத்த செல்லப்பெயர் "இரும்புப் பறவை". பெரிய கொட்டகைக்குள் விமானத்தின் உண்மையான கணினிகள், எண்ணெய் அழுத்தக் குழாய்கள், தட்டிகளை அசைக்கும் கருவிகள் எல்லாம் இரும்புச் சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கும். பறக்கும் உடல் மட்டும் இருக்காது. உணர்கருவிகளுக்குப் பதிலாக ஒரு கணினி "இப்போது 30,000 அடியில் இருக்கிறாய், காற்று இடப்பக்கம் அடிக்கிறது" என்று ஆட்டோபைலட்டுக்குச் சொல்லும். ஆட்டோபைலட் தான் வானில் இருப்பதாக நம்பித் தட்டிகளை அசைக்கும்.

மூன்றாம் கட்டம் வானில். சோதனை விமானி விமானத்தை நிலையாகப் பறக்கவிட்டுப் பின் வேண்டுமென்றே ஓர் உதறல் கொடுப்பார். மூக்கைத் திடீரெனத் தூக்குவார், அல்லது வாலைப் பக்கவாட்டில் உதைப்பார். பிறகு கையை எடுத்துவிடுவார். அடங்கும் வரை ஒவ்வோர் அசைவும் பதிவாகும். இதையே மெதுவான வேகத்தில், அதிக வேகத்தில், தாழ்வில், உயரத்தில், பாரத்தோடு, பாரமில்லாமல் என்று திரும்பத் திரும்பச் செய்வார்கள்.

நான்காவது வகைச் சோதனைதான் மனத்தில் பயம் தருவது. ஆட்டோபைலட்டையே வேண்டுமென்றே கெடுத்துப் பார்ப்பார்கள். தட்டியைக் கடைசி எல்லைவரை தள்ளும்படி தவறான கட்டளையைப் புகுத்துவார்கள். விமானம் போக்கு மாறுகிறது. கோளாறு நடந்துவிட்டது என்று சோதனை விமானிக்குத் தெரியும். ஆனால் உடனே கையை வைக்கக்கூடாது. நெடும்பயண நிலையில் கோளாறை உணர்ந்தபின் மூன்று நொடி காத்திருந்துதான் அவர் விமானத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுக்க வேண்டும். ஏன் அந்த மூன்று நொடி? சாதாரணப் பயணத்தில் விமானியின் கை தயாராக இருக்காது. அவர் வரைபடம் பார்த்துக்கொண்டிருக்கலாம், கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசிக்கொண்டிருக்கலாம், தேநீர்க் கோப்பையைப் பிடித்திருக்கலாம். அந்தத் தாமதத்துக்குப் பிறகும் விமானத்தை மீட்க முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்த ஆட்டோபைலட்டுக்குச் சான்றிதழ் கிடையாது.

கையில் நிறுத்திய குச்சி: தேஜஸ்

பயணிகள் விமானம் இயல்பாகவே ஓரளவு நிலையாகப் பறக்கும்படி வடிவமைக்கப்படுகிறது. போர் விமானங்களில் சில அப்படியல்ல. வேகமாகத் திரும்ப வேண்டும் என்பதற்காக அவற்றை வேண்டுமென்றே நிலையற்றதாக வடிவமைக்கிறார்கள். உள்ளங்கையில் துடைப்பக் கட்டையை நிமிர்த்தி நிறுத்துவது போன்றது அது. கை அசைந்துகொண்டே இருந்தால்தான் கட்டை நிற்கும். அங்கே கணினி நின்றால் விமானமே நிற்காது.

இந்தியாவின் தேஜஸ் அப்படிப்பட்ட விமானம். பறந்து பார்த்துத் தவறைத் திருத்திக்கொள்ளலாம் என்ற வசதி அங்கே இல்லை. முதல் முறையே சரியாக இருக்க வேண்டும். அதனால் 1990-களில் அமெரிக்காவில் வேறொரு விமானத்தைத் தேஜஸ் போல நடந்துகொள்ளும்படி கணினியால் மாற்றி, தேஜஸின் கட்டுப்பாட்டு முறையை அதில் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். 1998-இல் இந்தியா அணுகுண்டுச் சோதனை நடத்தியதும் அமெரிக்கா தடை விதித்தது. அந்த ஒத்துழைப்பு நின்றது. பெங்களூரில் இருந்தவர்கள் தங்கள் பாவனைப் பறப்பு நிலையங்களையும் இரும்புப் பறவையையும் வைத்து வேலையைத் தொடர்ந்தார்கள். 2001-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி விமானி ராஜீவ் கோத்தியால் அதை முதல் முறையாக வானில் ஏற்றிப் பத்திரமாக இறக்கினார்.

துடைப்பக் கட்டையை நிறுத்திக்கொண்டே கண்ணை மூடிப் பாருங்கள். கை எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் கட்டை விழுந்துவிடும். கண்ணை மூடுவதைவிட மோசமானது, கண் தவறாகக் காட்டுவது. நம் விமானத்தில் நடந்தது அதுதான்.

2005 ஆகஸ்ட் 1: பெர்த்திலிருந்து கோலாலம்பூர்

அன்று மாலை மலேசியா ஏர்லைன்ஸின் எம்.எச்.124 விமானம் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்டது. போயிங் 777-200 ரகம். 38,000 அடியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தபோது, வேகம் குறைகிறது என்ற அறிவிப்பு திரையில் வந்தது. அடுத்த கணம் வேகத்தைக் காட்டும் திரை இரண்டு முரணான செய்திகளைக் காட்டியது. வேகம் எல்லை மீறப்போகிறது. வேகம் போதாமல் விமானம் விழப்போகிறது. இரண்டும் ஒரே நேரத்தில்.

ஆட்டோபைலட் இயக்கத்தில் இருந்த அந்த விமானத்தின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. விமானம் ஏறத்தாழ 41,000 அடிக்கு ஏறியது. காற்றுவேகம் 270 நாட்டிலிருந்து 158 நாட்டாக, அதாவது மணிக்கு 500 கிலோமீட்டரிலிருந்து 293 கிலோமீட்டராக இறங்கியது. இறக்கைகள் தாங்கும் சக்தியை இழக்கப்போகின்றன என்று எச்சரிக்கும் அதிர்வு விமானியின் கைப்பிடியில் வந்தது.

தலைமை விமானி ஆட்டோபைலட்டைத் துண்டித்து மூக்கைக் கீழே இறக்கினார். இயந்திர விசையைத் தானாகக் கூட்டும் கருவியோ வேகத்தைக் கூட்டப் பார்த்தது. அவர் நெம்புகோலைக் கையால் பின்னுக்கு இழுத்தார். விமானம் மறுபடியும் மூக்கைத் தூக்கி 2,000 அடி ஏறியது. திரையை நம்ப முடியாத நிலையில் அவர்கள் தரைக்கட்டுப்பாட்டு நிலையத்தோடு பேசி, தங்கள் உண்மையான உயரத்தையும் வேகத்தையும் சரிபார்த்துக்கொண்டு பெர்த்துக்குத் திரும்பினார்கள். 20,000 அடியில் திரை சீரானதுபோல் தெரிந்ததும் ஆட்டோபைலட்டை மறுபடி இயக்கிப் பார்த்தார்கள். விமானம் எதிர்பாராத விதமாக நடந்துகொண்டதால் அதைத் துண்டித்துவிட்டுக் கையாலேயே ஓட்டி வந்து பத்திரமாகத் தரையிறக்கினார்கள்.

சோதனையில் கேட்கப்படாத கேள்வி

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. ஆட்டோபைலட் கணக்கில் தவறவில்லை. அதற்குத் தரவு கொடுத்த கருவிப்பெட்டிதான் தவறான எண்களைக் கொடுத்தது.

அந்தப் பெட்டிக்குள் ஆறு முடுக்கமானிகள் உண்டு. ஒன்று கெட்டாலும் மற்றவை வேலை செய்யும் என்பதால்தான் ஆறு. ஐந்தாம் முடுக்கமானி 2001-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலேயே கெட்டுவிட்டது. அது சொல்வதைக் கேட்காதே என்று மென்பொருள் அதை ஒதுக்கிவைத்தது. ஒன்று கெட்டாலும் இயங்கும்படி வடிவமைக்கப்பட்ட பெட்டி என்பதால், விமானத்திலேயே தொடர்ந்து வேலை செய்தது. நான்கு ஆண்டுகள் எந்தத் தொல்லையும் இல்லை.

2005 ஆகஸ்ட் 1 அன்று ஆறாவது முடுக்கமானியும் கெட்டது. மென்பொருள் அதை ஒதுக்கியது. அந்த நேரத்தில் மென்பொருளில் ஒளிந்திருந்த ஒரு பிழையால், முன்பே ஒதுக்கப்பட்ட ஐந்தாவது மறுபடி உள்ளே சேர்ந்துகொண்டது. நான்கு ஆண்டுகளுக்கு முன் பொய்க்காரன் என்று பெயர் வாங்கியவன், அன்று சாட்சிக் கூண்டில் ஏறினான். அவன் சொன்னதை ஆட்டோபைலட் நம்பியது.

இத்தனை கடுமையான சோதனையில் இது ஏன் அகப்படவில்லை? விசாரணை அறிக்கை சொல்லும் காரணம் எளிமையானது. வடிவமைப்பின் தொடக்கத்தில் எழுதப்பட்ட தேவைகளை வைத்துத்தான் மென்பொருள் சோதிக்கப்பட்டது. இப்படி ஒரு சூழ்நிலை அந்தத் தேவைகளில் எழுதப்படவில்லை. எழுதாததை யாரும் சோதிக்கவில்லை. தேர்வில் எல்லாக் கேள்விக்கும் சரியாக விடை எழுதிய மாணவர்தான். இந்தக் கேள்வி மட்டும் தாளில் இல்லை.

அதே ஆகஸ்ட் மாத இறுதியில் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் அவசர உத்தரவு பிறப்பித்து, இந்த ரக விமானங்களில் பழைய மென்பொருளைத் திரும்பப் போடச் சொன்னது. பெர்த்துக்குத் திரும்பிய ஒரு விமானம், உலகெங்கும் பறந்த மற்ற 777 விமானங்களுக்குச் சோதனைத் தாளில் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கொடுத்தது.

பாட்டிக்கு என்ன சொல்வது?

முதலில், பெல்ட். 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் தேதி, சிங்கப்பூரிலிருந்து பெர்த்துக்குப் போன குவாண்டாஸ் ஏர்பஸ் ஏ330 விமானத்திலும் தரவுப்பெட்டி ஒன்று தவறான எண்களை அனுப்பியது. விமானத்தைப் பறக்கவைக்கும் கணினி அதை நம்பி, மூக்கைத் திடீரெனக் கீழே தள்ளியது. நூறு பேருக்கு மேல் காயமடைந்தார்கள். பெல்ட் போடாமல் உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து நின்றவர்களும் கூரையில் போய் மோதினார்கள். பெல்ட் விளக்கு அணைந்தாலும், உட்கார்ந்திருக்கும் வரை பெல்ட்டைக் கழற்றாதீர்கள் என்று பணிப்பெண் சொல்வது வெறும் சடங்கு அல்ல. வயதானவர்களை அழைத்துப் போகும்போது இதை நாமே பார்த்துப் போட்டுவிட வேண்டும்.

அடுத்து, விமானி சும்மா உட்கார்ந்திருப்பதில்லை என்பதைச் சொல்லலாம். எம்.எச்.124-இல் கணினி குழம்பிய நேரத்தில் அதைத் துண்டித்துக் கையால் ஓட்டத் தெரிந்த ஆள் இருந்தார். ஆட்டோபைலட்டைச் சோதிக்கும்போது அந்த மூன்று நொடி கழித்து விமானத்தை மீட்கும் கையையும் சேர்த்தே கணக்கில் எடுக்கிறார்கள்.

நம் பிள்ளைகளின் மேசையில்

கடைசியாகச் சொல்ல வேண்டியது பயணிகளுக்கு அல்ல, நம் வட்டாரத்து இளையோருக்கு. நம் கெடா மாநிலத்திலேயே, தாய்லாந்து எல்லையை ஒட்டிய புக்கிட் காயு ஈத்தாமில் போயிங் விமானங்களுக்கான பாகங்கள் தயாராகின்றன. 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவுக்குத் தோட்டங்களிலிருந்தும் பட்டணங்களிலிருந்தும் கம்பெனி பஸ் ஏறிப் போகும் பிள்ளைகளில் பலர் சோதனைப் பிரிவில் நிற்கிறார்கள். வயலிலும் செம்பனைத் தோட்டத்திலும் மருந்து தெளிக்கும் டிரோனை இயக்கவும் சிலர் பழகி வருகிறார்கள். அந்த டிரோனுக்குள்ளும் ஜைரோஸ்கோப்பும் முடுக்கமானியும் சின்ன வடிவில் உண்டு. காற்றில் அதை நிலையாகப் பிடித்திருப்பதும் மேலே சொன்ன அதே மூன்று கேள்விக் கணக்குத்தான்.

டிரோன் இயக்குபவர் ஒரு சோதனையைத் தவறாமல் செய்யலாம். முழுத் தொட்டி மருந்தோடும் காலித் தொட்டியோடும் தனித்தனியே பறக்கவிட்டு, நிறுத்தும் இடத்தில் எத்தனை ஆட்டத்தில் அடங்குகிறது என்று பாருங்கள். நேற்றைவிட இன்று அதிகம் ஆடினால் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது. ஆட்களும் கம்பிகளும் இல்லாத வெட்டவெளியில் இதைச் செய்துவிட்டுத்தான் வேலைக்கு அனுப்ப வேண்டும்.

தொழிற்சாலைச் சோதனை மேசையில் நிற்பவருக்கு எம்.எச்.124 சொல்வது வேறு. ஒரு பாகம் முதல்முறை தோற்று, மறுமுறை போட்டதும் பச்சை விளக்கு எரிகிறது. ஷிப்டு முடியப் பத்து நிமிடம். கணக்கு முடிக்க வேண்டும். பச்சைதானே என்று அனுப்பிவிடத் தோன்றும். ஐந்தாம் முடுக்கமானி கெட்டது எங்கும் பதியாமல் போகவில்லை. 2001-லேயே பதிவானது, தேவைப்பட்ட நாளில் அந்தப் பதிவு மதிக்கப்படவில்லை. தோற்றதை எழுதிவைத்து, மேற்பார்வையாளரிடம் சொல்லி, ஏன் தோற்றது என்று கேட்பதும் சோதனையின் ஒரு பகுதிதான். சம்பளச் சீட்டில் அதற்குத் தனி வரி இருக்காது.

அந்தப் பாகம் எங்கே போய்ச் சேரும் என்று சோதித்தவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஒரு காரில் இருக்கலாம், ஒரு மருத்துவமனைக் கருவியில் இருக்கலாம். திருச்சிக்குப் போகும் விமானத்தில், ஜன்னலோரம் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியின் காலுக்குக் கீழேயும் இருக்கலாம்.